அண்ணா சேர்த்த ஆட்கள்

எங்கள் அண்ணா ஆண்டவரில் இளைப்பாறி இன்றோடு ஓராண்டு நிறைவடைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு தங்கையான என்னிடம் வந்திருக்கிறது. பந்தடி, அதுதான் உதைபந்தாட்டம், என்றாலே முகம் சுளிக்கிறவள் நான். கடைசியில் என்னையே பந்தடியைப் பற்றி எழுதவைத்துவிட்டாரே என்று நினைக்கச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

அண்ணா யாழ்ப்பாணம் குருநகரில், கடற்றொழில் செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். ஐயா வேளைக்கே காலமாகிவிட, அம்மாவுக்குத் துணையாக நின்று என்னைப் படிப்பித்தவர் அவர்தான். பாடசாலை அணியிலும் பின்னர் ஊர்க் கழகத்திலும் இடதுபுற முன்வரிசையில் விளையாடிப் பெயர் எடுத்தார். மன்னாரில் நடந்த ஓர் ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. இனி வீட்டில் இருப்பார் என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். அவரோ பயிற்சியாளராகி, முன்னையை விடப் பிந்தி வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

நாட்டு நிலைமை மோசமானபோது நாங்கள் இருவரும் டென்மார்க் வந்து ஸ்கீவயில் குடியமர்ந்தோம். அம்மா ஊரை விட்டு வர மறுத்துவிட்டார். இங்கும் அண்ணாவின் கால்கள் அவரை மைதானத்துக்கே கொண்டுபோயின. வேலிக்கு வெளியே நின்று பார்த்தவரை உள்ளூர்க் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஹென்றிக் உள்ளே கூப்பிட்டார். முதலில் சிறுவர் அணியைப் பழக்கினார். பின்னர் புதிய ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்க்கும் வேலையும் அவருக்கு வந்தது. சில்க்போர்க் வரை பஸ்ஸில் போய், அகதி முகாம்களில் எங்கள் தமிழ்ப் பெடியள் விளையாடுவதைக் குளிரில் நின்று பார்ப்பார்.

“பந்தைப் பறிகுடுத்தவன் திரும்பி ஓடுறானோ எண்டுதான் நான் பாக்கிறனான்,” என்பார்.

அப்படி அவர் கொண்டுவந்த மூவரில் ஒருவர் மன்னார் ஜெராட். மூவரும் நன்றாகவே விளையாடினார்கள். ஆனால் ஹென்றிக் ஒருநாள் அண்ணாவை அழைத்து, ஆட்டம் முடிந்ததும் அவர்கள் முகம் கொடுக்காமல் ஓடிவிடுவதாகவும், தங்களோடு சேர விரும்பாதவர்கள் அடுத்த பருவத்துக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அண்ணா அன்று சாப்பிடவில்லை. கழகமும் இல்லையென்றால் முகாமின் நான்கு சுவருக்குள் அந்தப் பிள்ளைகள் யாரோடு கதைப்பார்கள் என்பதே அவர் கவலை. மறுநாள் எங்கள் வீட்டில் வைத்து ஜெராட்டைக் கேட்டார்.

“ஏன்டா குளிக்காமல் கொள்ளாமல் ஓடுறியள்?”

“அண்ணை, அங்க எல்லாரும் ஒரே அறைக்குள்ள உடுப்பில்லாமல் நிண்டெல்லோ குளிக்கினம். எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

“எனக்கும் வெக்கம்தான். நாளைக்குச் சாரத்தைக் கொண்டு வா.”

அடுத்த பயிற்சி முடிந்ததும் அண்ணாவே முதலில் லுங்கி போலச் சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு குளியலறைக்குள் போனாராம். பின்னால் மூவரும் போனார்கள். டேனிஷ்காரர் சாரத்தைச் சுட்டிக்காட்டி இது என்ன என்று கேட்டார்களாம். கிணற்றடியில் நாங்கள் இப்படித்தான் குளிப்போம், உடுப்பில்லாமல் நிற்க வெட்கப்பட்டே இவர்கள் ஓடினார்கள் என்று அண்ணா தன் அரைகுறை டேனிஷில் விளக்க, ஹென்றிக் விழுந்து விழுந்து சிரித்தாராம். தங்களைப் பிடிக்காமல் ஓடுகிறார்கள் என்று நினைத்ததற்கு மன்னிப்பும் கேட்டார். அன்று எல்லோரும் ஒன்றாக இருந்து கோப்பி குடித்தார்கள். அதன்பின் யாரும் ஓடவில்லை. ஈரச் சாரங்களைத் தோய்க்கிற வேலை மட்டும் எனக்குக் கூடியது.

அடுத்த பருவத்தைப் பார்க்க அண்ணாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. இரத்தத்தில் புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. வலியைக் காட்டாமல், வந்தவர்களிடம் ஆட்டத்தைப் பற்றியே விசாரித்தார். ஒரு ஞாயிறு காலை, என் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடினார். என்னால் இன்றும் அதைத் தாங்க முடியவில்லை.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த குருவானவருக்கும், எனக்குச் சமைத்துத் தந்து கூடவே இருந்த ஸ்கீவ உறவுகளுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன். இங்கே சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். இரத்த உறவென்று நான் ஒருத்திதான் இருந்தேன். ஜெராட்டும் மற்ற இருவரும் ஒருபுறம், ஹென்றிக்கும் இரண்டு டேனிஷ் ஆட்டக்காரரும் மறுபுறமாக அண்ணாவைச் சுமந்து சென்றார்கள். அந்த அறுவருக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வேன்.

அடக்கம் முடிந்து, ஊரில் பங்குச் சுவாமியின் வீட்டுத் தொலைபேசிக்கு அம்மாவை அழைத்திருந்தோம். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஆர் பிள்ளை அவனைத் தூக்கினது? வேற ஆக்களோ?”

“இல்லையம்மா. எல்லாரும் எங்கட ஆக்கள்தான்.”

அதன் பிறகுதான் அம்மா அழுதார்.