மேசைக்கு அடியில் பார்க்கிற ஹால்வர்

துப்பாக்கிச் சந்தையில் எல்லாரும் மேசையின் மேலே பார்ப்பார்கள். ஹால்வர் லுண்ட் குனிந்து மேசைக்கு அடியில் பார்ப்பார். விரிப்புத் துணியை ஒரு விரலால் தூக்கி, அங்கே அட்டைப்பெட்டியோ காபி டின்னோ கிடக்கிறதா என்று நோட்டம் விட்ட பிறகுதான் நிமிர்ந்து துப்பாக்கியைக் கையில் எடுப்பார். நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல். அதற்குப் பிறகு அவர் கேட்கிற முதல் கேள்வி விலை அல்ல.

“அச்சு எங்க?”

விற்கிறவருக்குத் தெரியாது. பெரும்பாலும் அவர் செத்துப்போன யாரோ ஒருவருடைய மருமகனாக இருப்பார்.

கடையில் தோட்டா கிடைக்கிற துப்பாக்கியை ஹால்வர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். யாரோ ஒருவன் தன் தோளுக்கும் கைக்கும் அளவு சொல்லித் தனியாகச் செய்வித்து, எந்தக் கடையிலும் விற்காத அளவில் குழல் போட்டு வைத்திருந்த, தாழ்ப்பாள்போல போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடுகிற பழைய போல்ட் ரைபிள்தான் அவருக்கு வேண்டும். அப்படிச் செய்வித்தவன் தோட்டாவையும் தானேதான் செய்துகொள்வான். வேறொரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எஃகு அச்சுக்குள் அழுத்திக் கழுத்தை இறுக்குவான். வெடிமருந்தை நிறுத்துப் போடுவான். மேலே குண்டைப் பொருத்துவான். அவன் போன பிறகு அந்த அச்சும் கூடுகளும் துப்பாக்கியோடு போக வேண்டும். போகவில்லை என்றால் துப்பாக்கி ஊமைதான். எங்கள் மொன்டானாவில் மான் வேட்டைக்குப் போகிற யாருக்கும் இது தெரியும். தெரிந்தும், பெட்டி நிலவறையில் கிடக்கும், துப்பாக்கி மட்டும் சந்தைக்கு வந்துவிடும்.

கண்காட்சிக் கொட்டகையில் சந்தை கூடும்போதெல்லாம் கதவோரத்தில் காபியும் டோனட்டும் விற்பவள் நான். ஹால்வர் ஒரு டோனட் வாங்குவார். பேனாக்கத்தியால் அதை இரண்டாக வகுந்து ஒரு பாதியைத் தின்பார். மறு பாதியைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைப்பார், மறந்துபோவார். அடுத்த சந்தையில் அதே பையில் கைவிட்டுக் கல்லாகிப்போன துண்டை எடுத்து, இது எப்படி வந்தது என்பதுபோல என்னைப் பார்ப்பார். காதடைப்பான்கள் இரண்டும் ஒரு கயிற்றில் கோத்தபடி எந்நேரமும் கழுத்தில் தொங்கும். மாதா கோயிலுக்கும் அப்படியேதான் வருவார்.

அவருடைய வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கேட்பது ஒரு கரகரப்பு. பழைய கூடுகளை வால்நட் ஓட்டுத் தூளோடு போட்டுக் குலுக்கிப் பளபளப்பாக்கும் இயந்திரம் அது. சமையலறையில் அது ஓடாத நேரம் இல்லை. காது வலிக்கிறது, கொஞ்சம் நிறுத்துங்கள் என்று ஒருநாள் சொன்னேன்.

“அத நிறுத்தினா வீடு பேச ஆரம்பிச்சுடுது, ஆல்டாக்கா,” என்றார்.

நான் காபியைக் குடித்தேன்.

ஊறுகாய்ப் பாட்டில்கள் நிறையப் பித்தளைக் கூடுகள். ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு துப்பாக்கிக்கு. குழலில் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரை அவர் நம்ப மாட்டார். பொறித்த பிறகு உள்ளே குடைந்து அளவை மாற்றியிருப்பார்கள், பெயரை மட்டும் அப்படியே விட்டிருப்பார்கள். அதனால் தோட்டா உட்காரும் இடத்தில், சீக்கிரம் உருகும் ஒரு உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுவார். ஆறியதும் தட்டி வெளியே எடுத்து, பல் வைத்தியர் பிடுங்கிய பல்லைப் பார்ப்பதுபோல ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அளந்து முடித்ததும் அதற்கேற்ற அச்சைத் தேடத் தொடங்குவார். ஒருமுறை எங்கள் மொன்டானாவின் வடக்கே இருக்கிற கிளாஸ்கோ ஊர் வரைக்கும் போய், யாரோ ஒரு விதவையின் நிலவறையில் ஒரு பெட்டியைக் கண்டுபிடித்தார். அந்தப் பெட்டிக்கு உரிய துப்பாக்கியை அவர் வாங்கவே இல்லை. அதை வாங்கியிருந்த அந்நியரின் வாசலில் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். கிறுக்கு என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், என்னோடு அதைப் பற்றி வாதாட வேண்டாம்.

நாலாவது மேசை ராய்ஸுக்கு அவரை வம்புக்கு இழுக்காவிட்டால் பொழுது போகாது.

“ஏம்ப்பா ஹால்வர், ஊர்ல இருக்கிற ஊமைப் பிள்ளைங்கள எல்லாம் நீதான் தத்தெடுப்பியா?”

“நான் பேச வெச்சுக் காட்டுறேன் பாரு.”

“உன் வீட்டுல யாராச்சும் பேசினா சரிதான்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று ராய்ஸுக்கு உறைத்தது. எழுந்து வந்து என்னிடம் ஒரு காபி வாங்கி, ஹால்வரின் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

ஹால்வருக்கு ஒரே மகன், லைல். மனைவி இர்மா அவன் சின்னவனாக இருக்கும்போதே புற்றுநோயில் போய்விட்டாள். அப்பனும் பிள்ளையும் கோதுமைக் காட்டையும் இரண்டு தட்டுச் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். லைல் ஒரு துப்பாக்கி செய்வித்தான். எங்கும் கிடைக்கிற தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் தோட்டாவின் கழுத்தை இறுக்கி, ஆறரை மில்லிமீட்டர் குண்டு போடுகிற குழல். துப்பாக்கியின் மரக்கட்டையை அவனே சமையலறையில் உட்கார்ந்து செதுக்கினான். கூடுகளை இருவரும் சேர்ந்து அழுத்தினார்கள், ஒருவர் எண்ணெய் தடவ, ஒருவர் நெம்புகோலை இழுக்க. அந்தக் குளிர்காலத்தில், எங்கள் பக்கத்து ஜோர்டான் ஊருக்குப் போகும் சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. லைலின் வண்டி புரண்டது, அவன் பிழைக்கவில்லை.

வசந்தத்தில், வடக்கு டகோட்டாவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிற ஒருவன் வழியில் நிறுத்தி, விற்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். ஹால்வர் கதவைப் பாதி திறந்து துப்பாக்கியை நீட்டினார். கண்ணில் படாமல் போனால் போதும் என்று இருந்தது அவருக்கு. அச்சையும் கூடுகளையும் மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.

“துப்பாக்கி அவனோடது. அச்சு எங்க ரெண்டு பேரோடதும்னு தோணிச்சு,” என்று என்னிடம் சொன்னார். “அப்புறம்தான் புத்தி வந்துச்சு. அதுக்கு வாயக் கட்டி அனுப்பிட்டேன், அக்கா. தோட்டா கிடைக்காத துப்பாக்கிய எவன் எத்தன நாள் வெச்சிருப்பான்? குழலக் கழட்டி எறிஞ்சிட்டு வேற போட்டுடுவான்.”

வாங்கியவனின் பெயரைக்கூட அவர் கேட்டு வைக்கவில்லை. யாரும் குழலைக் கழற்றுவதற்கு முன்னால் அதைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுதான் சந்தை சந்தையாக அலைந்தார். லைலின் அச்சுப் பெட்டி அவருடைய வண்டியிலேயே கிடந்தது.

போன மார்ச் மாதச் சந்தையில் என் மேசைக்குப் பக்கத்து மேசை, கிளென்டைவிலிருந்து வந்த ஒரு தாடிக்காரருக்கு. நல்ல மனிதர். என் காபியைக் குறை சொல்லாமல் குடித்தார். ஹால்வர் வழக்கம்போல அவருடைய மேசைக்கு அடியில் பார்த்தார். ஒன்றும் இல்லை. நிமிர்ந்தார். முனகவில்லை. அதனால்தான் நான் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு ரைபிளின் கைப்பிடியில் அவருடைய கட்டைவிரல் நின்றிருந்தது. கை வழுக்காமல் இருக்க அங்கே கட்டம் கட்டமாகக் கீறியிருந்தார்கள். அதில் ஒரு கோடு மட்டும் எல்லை தாண்டி, எலி வால்போலக் கீழே ஓடியிருந்தது. உளி வழுக்கிய அன்று லைல் கெட்ட வார்த்தை சொன்னதையும், அப்பா அதட்டியதையும், பிறகு இருவரும் சிரித்ததையும் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

ஹால்வர் துப்பாக்கியை விளக்குப் பக்கம் திருப்பிக் குழலில் பொறித்திருந்ததைப் படித்தார். நான் நின்ற இடத்திலிருந்து எழுத்துத் தெரியவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

“அருமையான சாமான், ஐயா,” என்றார் தாடிக்காரர். “தேர்ட்டி-ஆட்-சிக்ஸ். குழல் புதுசு.”

“பழசு என்னாச்சு?”

“அது என்னமோ ஆறரையாம். எவனோ கூறுகெட்டவன் துப்பாக்கிய வித்துட்டு அச்ச வீட்டுலயே வெச்சுக்கிட்டான். வாங்கினவன் ரெண்டு வருஷம் தேடிப் பாத்திருக்கான். அப்புறம் கழட்டிட்டான். இந்நேரம் எவன் வீட்டுத் தக்காளிச் செடிக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு நிக்குதோ.”

தாடிக்காரர் சிரித்தார். ஹால்வர் கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவினார்.

“ஆமா,” என்றார். “கூறுகெட்டவன்தான்.”

“ஒரு பொண்ணு கேட்டிருக்கா. காசோலைப் புத்தகம் எடுக்க வண்டிக்குப் போயிருக்கா. ஆனா இன்னும் கை மாறல. நீங்க பிடிச்சிருக்கிற விதத்தப் பாத்தா உங்களுக்கே குடுக்கணும்போல இருக்கு. வேணும்னா சொல்லுங்க.”

சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். யாருடைய துப்பாக்கி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தாடிக்காரர் சும்மாவே கொடுத்திருப்பார். ஹால்வர் போல்ட்டை இழுத்தார், தள்ளினார். உள்ளே தோட்டா உட்காரும் வெற்றிடத்தை ஒருமுறை பார்த்தார்.

அதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், பூட்ஸில் சேறு. தன் துப்பாக்கி ஒரு கிழவரின் கையில் இருப்பதைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

“நீங்களும் பாக்குறீங்களா, ஐயா?” என்றாள். “எனக்கு இதுதான் முதல் துப்பாக்கி. ஒண்ணும் தெரியாது. இதுக்குத் தோட்டாவெல்லாம் சிரமமில்லாம கிடைக்குமா?”

ஹால்வர் அவளைப் பார்த்தார்.

“எங்க வேணும்னாலும் கிடைக்கும், தாயி,” என்றார். “பெட்ரோல் பங்க்லகூட வெச்சிருப்பான்.”

மற்றவரின் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தால், விரல் பட்ட இரும்பைத் துடைத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள் எங்கள் பக்கம். விரலின் உப்பு துருப்பிடிக்க வைத்துவிடும். ஹால்வர் கைக்குட்டையை எடுத்து உதறினார். குழலை மேலிருந்து கீழாகத் துடைத்தார். போல்ட்டின் குமிழைத் துடைத்தார். மரத்தை யாரும் துடைப்பதில்லை. அவர் அதையும் துடைத்தார், கைப்பிடியின் கீறல் கீறலாக, தன் கை அங்கே பட்டதே இல்லை என்பதுபோல, நிதானமாக. பிறகு அந்தப் பெண்ணிடம் இரண்டு கைகளாலும் நீட்டினார்.