சார் இல்லாத ஆபீஸ்

தரமணியில் எங்கள் ஆபீஸ் வாசலில் தினமும் என் பையைத் திறந்து பார்க்கும் செக்யூரிட்டி பெண்ணை, உள்ளே ஹெல்ப்டெஸ்க் வேலைக்குத் தயார் செய்தது என் வாழ்க்கையின் ஒரே சமூக சேவை. என் பையில் தயிர்சாதத்தைத் தவிர எதையும் பார்த்திராதவர் என்னை எப்படி நம்பினாரோ தெரியவில்லை. டிப்ளமோ படித்தவர். இந்த இன்டர்வியூவில் தேறாவிட்டால் பெருங்குடிக்கு நைட் டியூட்டி மாற்றிவிடுவார்கள். பள்ளிக்கூடம் போகும் மகளை இரவில் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலாப்பூரில் எங்கள் மொட்டைமாடியில் வகுப்பு. கம்ப்யூட்டரில் நான் சொல்லித்தர அதிகமில்லை. பாஸ்வேர்டை மறந்துவிட்டு ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிடுகிற ரகம் நான். ஆகவே பண்பாடு கற்பித்தேன்.

"ஐடில சார், மேடம் எல்லாம் கிடையாது. எம்.டி.யா இருந்தாலும் பேர்தான். எல்லாரும் சமம்."

"வாய் வரல சார். பேரு சொல்லிக் கூப்டா சண்டைக்குப் போற மாதிரி கீது."

சமத்துவத்தை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது என் மேனேஜர் போன் செய்தார். எழுந்து நின்றேன். "சார்... ஆமா சார்... இன்னைக்கே அனுப்பிடறேன் சார்." மரியாதைக்குக் காபி டம்ளரைக்கூடக் கீழே வைத்திருந்தேன்.

போனை வைத்ததும் அவர் கேட்டார்: "இன்னா சார், அவருக்கு இன்னும் பேரு வெக்கலியா?"

இன்டர்வியூ எடுக்கப்போவதும் அதே மேனேஜர்தான் என்று இன்டர்வியூ நாள் காலையில்தான் தெரிந்தது. பாடத்தை வாபஸ் வாங்க வாசலுக்கு ஓடினேன். அதற்குள் என் மாணவி உள்ளே போய்விட்டிருந்தார். கண்ணாடி அறைக்கு வெளியே, தண்ணீர் குடிக்கிற சாக்கில், வயிறு முட்டக் குடித்துக்கொண்டே நின்றேன்.

வெளியே வந்தவர் முகத்தில் சிரிப்பு. "பேரு சொல்லித்தான் கூப்ட்டேன். சந்தோஷமாயிட்டாரு. இங்க ஒருத்தரும் அவரப் பேரு சொல்லிக் கூப்புட்றதே இல்லியாம். வேல கெடச்சிடுச்சு சார்."

அந்த 'சார்'தான் கடைசி. திங்கட்கிழமை கேன்டீன் வரிசையில், நாலு மேசைக்கு அப்பாலிருந்து என் பெயர் கேட்டது. மொட்டையாக. எல்லாரும் சமம்தான், மறுக்கவில்லை. ஒரு 'அண்ணா'வாவது ஒட்டியிருக்கலாம்.

அன்று மாலையே என் கம்ப்யூட்டர் கணக்கு லாக் ஆகிவிட்டது. ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் செய்தேன்.

"சீக்கிரம் சொல்லுங்க. பொண்ணு ஸ்கூல்லருந்து வந்துருவா, நான் கெளம்பணும்."

நான் எழுந்து நின்றிருந்தேன்.

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு மேடம்."