என் மேஜைக்கு வந்த எண்ணெய்க் கம்பெனி

எண்ணெய், எரிவாயு கம்பெனிகளின் இருப்புநிலைக் குறிப்புகளைப் பார்த்து விகிதங்கள் போடுவது என் வேலை. வெளிநாட்டு வங்கி ஒன்று, அடுகோடியைத் தாண்டி ஓசூர் ரோட்டில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு அவற்றை அனுப்பும். கடன் வாங்கிய கம்பெனியால் திருப்பிக் கட்ட முடியுமா என்று நாங்கள் சொல்ல வேண்டும். நான் எப்போதும் ஒரே வரிசையில்தான் பார்ப்பேன். முதலில், சொந்த மூலதனத்தோடு ஒப்பிட்டால் கடன் எவ்வளவு. அடுத்தது நடப்பு விகிதம்: ஓராண்டுக்குள் கட்ட வேண்டியதற்கு, ஓராண்டுக்குள் கைக்கு வரக்கூடியது போதுமா. கடைசியாக, வங்கி அனுமதித்த கடன் வரம்பில் இன்னும் எடுக்காமல் மிச்சம் வைத்திருப்பது.

எண்ணெய்த் தொழிலில் இந்தக் கடைசி விஷயம்தான் ஆளை ஏமாற்றும். பூமிக்கடியில் கிடக்கும் எண்ணெயின் மதிப்பை வைத்து வங்கி அந்த வரம்பைத் தீர்மானிக்கிறது. ஆண்டுக்கு இருமுறை திருத்துகிறது. எடுக்காத வரம்பையும் கையிருப்போடு சேர்த்துக்கொண்டால், தள்ளாடும் நடப்பு விகிதம் நிமிர்ந்துவிடும். ஒப்பந்தமே அதை அனுமதிப்பதால் அது பொய்க்கணக்கும் இல்லை. ஆனால் எண்ணெய் விலை இறங்கும்போதுதான் கம்பெனிக்குக் காசு தேவைப்படும். வரம்பு சுருங்குவதும் அப்போதுதான்.

சென்ற ஆண்டு அப்படி ஒரு சிறிய கம்பெனி என் மேஜைக்கு வந்தது. அடுத்த திருத்தத்தில் அதன் வரம்பைப் பாதிக்கு மேல் குறைப்பதென்று வங்கி முடிவு செய்திருந்தது. கம்பெனிக்கு இன்னும் சொல்லவில்லை. குறைத்தபின் விகிதம் எங்கே நிற்கும் என்று நான் கணக்கிட்டேன். ஒன்றுக்கு வெகு கீழே நின்றது, அதாவது கட்ட வேண்டியதற்குப் பணம் போதாது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஜீவனஹள்ளியில் வீட்டுக் கதவைத் திறந்த என் கணவர் கையில் மைசூர்பாகு டப்பா வைத்திருந்தார். பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் பராமரிப்புப் பொறியாளர். வெளிநாட்டில் எண்ணெய்க் கிணற்றுப் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறதாம். ஒரு துண்டை என் வாயில் வைத்துவிட்டுக் கம்பெனியின் பெயரைச் சொன்னார். அதே கம்பெனி.

இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று அலுவலகத்தில் விதி இருக்கிறது. திங்கட்கிழமை முதல் வேலையாக மேலாளரிடம் சொன்னேன். என்னைவிட வயதில் சிறியவர், கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார்.

"டிக்ளேர் மாடிபிடி மேடம், எழுதிக் குடுத்துடுங்க, அதுதான் சேஃப். ஃபைலை வேற ஆளுக்கு மாத்திடறேன். வீட்ல ஒரு வார்த்தை கூடாது. ஜாடைமாடையாக்கூட."

"அவரு இருக்கிற வேலையை விடப் போறாரு."

"கஷ்டம்தான் மேடம். ஆனா நீங்க வாயைத் திறந்தா உங்க வேலையும் போகும். அப்புறம் ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து சீரியல் பாக்கணும்."

மதியத்துக்குள் அந்த ஃபைல் என் கணினியில் திறக்காமல் போயிற்று. எனக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்ததாகவே இருந்தது.

அன்று மாலை அவர் கம்பெனியின் ஆண்டறிக்கையை அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். "நாள் பூரா இதைத்தானே பாக்கறே? எனக்கும் சொல்லிக் குடு."

ஆண்டறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதை மட்டும் காட்டினால் என் வாயால் எதுவும் சொன்னதாகாது, அவரே கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். ஃபைலையே பார்த்திராவிட்டால் என்ன சொல்லியிருப்பேனோ அதை மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டு, என் வழக்கமான வரிசையிலேயே சொல்லிக்கொடுத்தேன்.

கடன், மூலதனத்தில் பாதிகூட இல்லை. "எங்க ஃபேக்டரிக்கு இது தேவலையே!" என்றார். நடப்பு விகிதம் ஒன்றுக்குக் கீழே வந்தது. அவர் முகம் சுருங்கியது. நான் காத்திருந்தேன். அவர் பக்கத்தைப் புரட்டி, எடுக்காத கடன் வரம்பைப் பற்றிய குறிப்பைக் கண்டுபிடித்துச் சேர்த்துக் கூட்டினார். ஒன்றைத் தாண்டியது.

"பாத்தியா, சரியாயிடுச்சு."

"அது காசு இல்லைங்க. பாங்க்காரங்க எப்ப வேணா குறைக்கலாம்." இதை எந்தக் கம்பெனிக்கும் சொல்லியிருப்பேன்.

"ஏன், குறைக்கப் போறாங்களா?"

ஆமாம் என்று சொல்லக் கூடாது. இல்லை என்றால் பொய். நான் தாள்களைச் சேர்த்து ஓரம் தட்டி அடுக்கினேன்.

"என்ன, பேச்சையே காணோம்?"

"போகாதீங்க."

"ஏன்?"

"வேண்டாங்க. அவ்வளவுதான்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "மஸ்கட் வேலை வந்தப்பவும் இதே டயலாக். கத்தாருக்கும் இதே. விகிதமெல்லாம் நீயே சொல்லிக் குடுத்துட்டு, இப்பப் பழைய பாட்டைப் பாடாதே மகராசி."

அவர் சொன்னது உண்மை. அந்த இரண்டு தடவையும் எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, அதனால் தடுத்தேன். இந்தத் தடவைக்கென்று என்னிடம் வேறு சொல் இல்லை. அவர் போட்ட கணக்கிலும் ஒரு தப்புகூட இல்லை. மறுநாள் ராஜினாமா கொடுத்தார்.

அவர் போய் ஐந்து மாதமாகிறது. அந்த ஃபைலை இப்போது பார்ப்பவர் என் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் திரை கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று டீ குடிக்கச் சுற்றுவழியாகப் போகிறேன். வங்கி வரம்பைக் குறைத்ததா என்பதை அடுத்த காலாண்டு அறிக்கை வந்தபின், ஊரோடு சேர்ந்துதான் நானும் தெரிந்துகொள்ள முடியும்.

மாதப் பிறப்பில் என் கணவர் போன் செய்யும்போது நான் முதலில் கேட்பது, "சம்பளம் வந்துதா?"

"எப்படி இருக்கீங்கன்னு கேக்க மாட்டியே! வந்துது தாயே, வந்துது," என்பார்.

இந்த மாதமும் கேட்டேன்.

"இன்னும் வரல. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்தான். பாங்க்ல ஏதோ லேட்டாம்," என்றார்.

சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.