மணவறையில் எழும்பாமல் இருந்தேன்

வயிற்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பிள்ளையாரின் அருளைச் சொல்ல வந்தவன் கக்கூசைப் பற்றிச் சொல்கிறானே என்று அடியார்கள் முகம் சுளிக்க வேண்டாம். அவர் என்னைக் காப்பாற்றிய இடம் அதுதான். இடத்தை மாற்றிச் சொன்னால் சாட்சி பொய்யாகிவிடும்.

ஐம்பதுகளின் நடுவில், குளத்துக்குக் கீழே அரசாங்கம் வயற்காணி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, மனைவி நாகம்மாவையும் மகள் தவமணியையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறினேன். நெல் விளைந்தது. மாடு பெருகியது. ஊரில் போத்தலில் அளந்து வாங்கிய பால் இங்கே வாளியில் வந்தது. விடிந்தால் பால் தேத்தண்ணி, மத்தியானம் தயிர், படுக்க முன் ஒரு செம்பு காய்ச்சிய பால். ராசா மாதிரி இருந்தேன். அந்த ராசாவுக்கு இரண்டாம் வருடமே வயிறு குழம்பத் தொடங்கியது.

சாப்பிட்டுக் கை கழுவ முன்னம் அடிவயிறு முறுக்கும். ஓட வேண்டும். சில கிழமை இப்படி. வேறு சில கிழமை ஒன்றும் போகாது, வயிறு மேளம் போல் ஊதிக் கிடக்கும். வீட்டுக்கும் வயலுக்கும் இடையில் உள்ள செடி பற்றைகள் எல்லாம் எனக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டன. யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறவே பயம். வழியில் ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீரும் வெட்டவெளியும், ஒரு ஆட்டுக்குட்டி மறைந்து நிற்கச் செடி கிடையாது. ஒருமுறை அந்த இடத்தில் பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லி இறங்கினேன். அதற்கு மேல் விபரிக்கமாட்டேன். அன்றைக்குப் பிறகு ஊரில் நல்லது கெட்டது எதற்கும் நான் போகவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வன்னிக்கு வந்த எங்களுக்கு எந்த வருத்தம் வந்தாலும் குற்றவாளி ஒன்றுதான். வன்னித் தண்ணீர். தலையிடித்தால் தண்ணீர், மயிர் கொட்டினால் தண்ணீர். நானும் அதைச் சத்தியமாக நம்பினேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் அடைத்துக்கொண்டு வரவேண்டும். அந்தத் தண்ணீரில்தான் எனக்குத் தேத்தண்ணி போடவேண்டும், நிறையப் பால் விட்டு.

டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சோதிப்பித்தார். கடைசியில், "புண்ணுமில்லை, புழுவுமில்லை. உங்கடை குடல் கொஞ்சம் ரோசக்காரக் குடல். என்ன சாப்பிட்டால் கோவிக்குது எண்டு நீங்கள்தான் கவனிக்கவேணும்" என்றார்.

"வருத்தமில்லையெண்டால் நான் ஏன் ஐயா ஓடுறன்?" என்று அவரோடு சண்டை பிடித்துவிட்டு வந்தேன். மருந்துப் போத்தலை எதிர்பார்த்துப் போனவனுக்கு அந்தச் சொல் காதில் ஏறவில்லை.

இந்த நிலையில்தான் தவமணிக்குச் சம்பந்தம் பேச யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். நாகம்மா பால் காப்பி கொடுத்தா. நானும் மரியாதைக்குக் குடித்தேன். மாப்பிள்ளையின் தகப்பனார் கதையைத் தொடங்க நான் எழும்பிப் போனேன். திரும்பி வந்து இருந்தேன். அவர் மறுபடி தொடங்க, நான் மறுபடி எழும்பினேன். அந்த மனுசன் முகம் கறுத்து, "உங்களுக்கு விருப்பமில்லாட்டில் நேரை சொல்லுங்கோ. நாங்கள் அடுத்த பஸ்ஸிலை போறம்" என்றார்.

நல்லவேளை, நாகம்மா குசினியிலிருந்து வெளியே வந்தா. "கோவிக்காதேங்கோ அண்ணை. அவருக்கு விருப்பம் நிறைய இருக்கு, வயிறுதான் விடுகுதில்லை" என்றா. எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தம் நிலைத்தது. ஆனால் சம்பந்தி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சந்தேகம் தங்கிவிட்டது.

எனக்கு வேறு பயம் பிடித்தது. மணவறையில் மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்க்க வேண்டும். அங்கே பாதியில் எழும்பி ஓட முடியுமா? என் தம்பியை இருத்திச் செய்விக்கலாம் என்று வீட்டில் சொன்னேன். தவமணி அழுதுவிட்டாள்.

"சித்தப்பா வேண்டாம் ஐயா. என்ரை கையை நீங்கள்தான் பிடிச்சுக் குடுக்கவேணும்" என்றாள்.

அன்று பின்னேரம் குளக்கட்டுப் பிள்ளையாரிடம் போய் நின்று நானும் அழுதேன். வெள்ளிக்கிழமை தோறும் விரதம் இருக்கத் தொடங்கினேன். சோறு இல்லை, கறி இல்லை. பாலும் பழமும் மட்டும். வெள்ளி விரதம் இருந்தால் சனிக்கிழமை முழுவதும் பற்றைக்குள் இருந்தேன். விரதம் போதாதாக்கும் என்று செவ்வாயையும் சேர்த்தேன். புதன்கிழமையும் போயிற்று. "கேட்டதற்கு இதுவா பதில்?" என்று பிள்ளையாரோடு கோபித்துக்கொண்டேன். அவர் தும்பிக்கையை மடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

நாகம்மாதான் சொன்னா. "சும்மா கேட்டால் காணாது. ஒரு நேர்த்தி வையுங்கோ. இருக்கிறதிலை உங்களுக்கு எது ஆகப் பிடிக்குமோ, அதைக் குடுங்கோ."

எனக்கு ஆகப் பிடித்தது எது? அந்த நேரம் எங்கள் மாடுகளில் கன்று போட்டுக் கறவையில் நின்றது லட்சுமி ஒன்றுதான். நெஞ்சு கனக்கத்தான் சொன்னேன். கன்றுக்கு விட்டது போக லட்சுமியின் பால் முழுவதும் ஒரு மண்டலத்துக்குப் பிள்ளையாரின் அபிஷேகத்துக்கு. வீட்டில் ஒரு சொட்டும் எடுப்பதில்லை. வாளி கோவிலுக்குப் போகும்போது நான் பார்த்த பார்வையைக் கண்டு நாகம்மா வாயைப் பொத்திச் சிரித்தா. தயிரும் இல்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தேன்.

பிறகு நடந்ததை நான் உடனே கவனிக்கவில்லை. வலி வந்தால்தான் மனிதன் கவனிப்பான், வராவிட்டால் யார் கவனிப்பது? ஒருநாள் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. காலையிலிருந்து வரம்பை விட்டு நான் இறங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நாகம்மா பதறி, வாளியில் தண்ணீரை எடுத்து நீட்டினா. "அதுக்கில்லையடி, சொல்லத்தான் ஓடி வந்தனான்" என்றேன். இருவரும் குசினி வாசலில் இருந்து அழுதோம்.

நேர்த்தி நிறைவேறிய அன்று லட்சுமியின் பாலில் பெரிய பானையில் பொங்கினோம். பிள்ளையார் சுகம் தந்துவிட்டார், இனி என்ன? இழந்ததையெல்லாம் சேர்த்துப் பிடித்தேன். பொங்கல், தயிர், இரவு செம்புப் பால். மறுநாள் விடிய வயிறு பழையபடி முறுக்கியது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் கூட இல்லை. கோவிலுக்குப் போய், "தந்துவிட்டுப் பறிக்கிறீரே, இது நியாயமா?" என்று சத்தம் போட்டேன். குருக்கள் மடைப்பள்ளியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பின்னால் வந்த நாகம்மா, "அவர் எங்கை பறிச்சவர்? பால் கோவிலுக்குப் போகேக்கை வயிறு சுகம். பால் வீட்டை வந்தாப்போலை வயிறு போச்சு. நீங்களல்லோ குடிச்சுக் கெடுத்தனீங்கள்" என்றா.

"பாலோ? குழந்தைப்பிள்ளைக்கும் நோயாளிக்கும் குடுக்கிற சாமான்! விரதத்துக்குக் குடிக்கிற சாமான்!"

"உங்கடை விரதத்துக்கு அடுத்த நாள் எங்கை இருந்தனீங்கள்?"

அப்போதிக்கரி ஐயா சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது. பாலை மறுபடி நிறுத்தினேன். சில நாளில் வயிறு அடங்கியது. நம்ப மனமில்லாமல் ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்தேன். குடல் கோபித்தது. அதன் பிறகு நாகம்மா என் வயிற்றுக்குக் காவற்காரி ஆனா. சோறும் கொஞ்சக் கறியுமாகத் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு புதுச் சாமான் மட்டும் சேர்த்து, அது ஒத்துக்கொள்கிறதா என்று சில நாள் பார்த்த பிறகுதான் அடுத்தது. வாழைப்பழம் நல்லபிள்ளை. மீன் சொதி, தேங்காய்ப் பாலை மட்டாய் விட்டால் பரவாயில்லை. பலாப்பழம் சண்டைக்காரன். அவித்த கடலை அதைவிடப் பெரிய சண்டைக்காரன். கோவிலில் சுண்டல் தந்தால் கண்ணில் ஒற்றிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். அவசரப்பட்டு விழுங்காமல் ஆறுதலாகச் சாப்பிட்டால் எல்லாமே கொஞ்சம் சமாதானமாக இருந்தன. பாவம், அந்த வன்னித் தண்ணீர்! ஒரு குற்றமும் செய்யவில்லை. கிணற்றுப் போத்தல்களுக்கு விடை கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் பிள்ளையாரிடம் போய், "என் பங்குப் பால் இனிமேல் உயிருள்ளவரை உமக்கே" என்று கையெடுத்தேன்.

கல்யாணம் கிளிநொச்சியில் எங்கள் வீட்டு வளவில். தாரை வார்த்து முடியும்வரை நானும் நாகம்மாவும் சாப்பிடக் கூடாது. பால் மட்டும் குடிக்கலாம் என்பது வழக்கம். சம்பந்தி பந்தலுக்குள் வந்தவுடன் அவரே ஒரு கிளாஸ் பாலை எடுத்து என்னிடம் நீட்டினார். "விரதக்காரர் வெறும் வயித்தோடை நிக்கிறியள். இதைக் குடியுங்கோ" என்றார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. குடித்தால் மணவறையில் இருக்கமாட்டேன். மறுத்தால் சம்பந்தம் பேச வந்த அன்று நடந்த அவமானத்துக்கு மேல் இன்னொரு அவமானம்.

அப்போது வாயில் வந்தது உண்மைதான். "கோவிக்காதேங்கோ. பாலைப் பிள்ளையாருக்கு நேர்ந்து விட்டிட்டன். இனி நான் தொடுறேல்லை."

சம்பந்தி கிளாஸை உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் முகம் மாறியது. "அப்பிடியோ! பெரிய காரியம் செய்திருக்கிறியள்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்தார். அந்த நேர்த்தியின் முழு அருமையும் எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. வைத்தியர் சொன்னார் என்று மறுத்தால், ஒரு வாய் குடித்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள். பிள்ளையாருடையதை யார் எனக்குக் குடிக்கத் தருவார்கள்?

மணவறையில் இருந்தேன். தவமணியின் கை என் கையில் இருந்தது. நாகம்மா தண்ணீர் வார்த்தா. குருக்கள் மந்திரத்தை நீட்டிக்கொண்டே போனார், நீட்டட்டும் என்று இருந்தேன். வயிறு மூச்சுக் காட்டவில்லை. கண்தான் நிற்காமல் ஓடியது.

வருத்தம் அடியோடு போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. யோசனை கூடினாலோ, வாய் மீறினாலோ இப்போதும் கோபிக்கும். ஆனால் அதன் குணம் எனக்குத் தெரியும். நோயை எடுத்துவிடு என்று கேட்டேன், அவர் நோயின் காரணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். என்னைப் போல் கூட்டத்துக்குப் பயந்து, பஸ்ஸுக்குப் பயந்து வீட்டோடு கிடக்கிற அடியார் யாரும் இருந்தால் வெட்கப்படாமல் அவரிடம் சொல்லுங்கள். வைத்தியரிடமும் காட்டுங்கள். பிறகு உங்கள் சாப்பாட்டுக் கோப்பையைக் கவனமாகப் பாருங்கள், பதில் அதற்குள்ளும் இருக்கலாம்.

கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் மகளைப் பார்க்க யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன். ஆனையிறவு வந்தது. யன்னலோரச் சீட்டில் இருந்து, இந்த வெளி இவ்வளவு அழகா என்று பார்த்துக்கொண்டே போனேன். தவமணி வாசற் படலையில் நின்றாள். பயத்தோடுதான் கேட்டாள்.

"ஐயா, வழியிலை எங்கையும் இறங்கினனீங்களோ?"

"இல்லை மோனை. ஏறினாப்போலை இஞ்சைதான் இறங்கிறன்."