அண்ணன் போனின் பூட்டு

எங்கள் குப்பத்தில் பாதிப் பேருடைய போன் பூட்டு எண் எனக்குத் தெரியும். யாரும் வந்து சொல்ல வேண்டாம், கரையில் ஒரு நடை நடந்தால் போதும். படகின் பதிவு எண்ணில் கடைசி நாலு இலக்கம் எதுவோ அதுதான் போனுக்கும் எண், ஏடிஎம் அட்டைக்கும் எண். அந்த எண்ணோ படகின் இரண்டு பக்கமும் முழ உயரத்துக்கு வெள்ளை பெயிண்டில் எழுதியிருக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் மூன்று வருடம் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தேன். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு பழைய லேப்டாப்பும் பிரிண்டரும் வாங்கிப் போட்டு வீட்டிலேயே உட்கார்ந்தேன். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு விண்ணப்பம், ஆதாரில் பேர் திருத்தம் என்று ஆட்கள் வருவார்கள். வேலையோடு அறிவுரையும் கொடுத்து அனுப்புவேன். ஓடிபியை எவன் கேட்டாலும் சொல்லாதே. பரிசு விழுந்திருக்கிறது என்று லிங்க் வந்தால் தொடாதே. படகு நம்பரைப் பூட்டுக்குப் போடாதே. எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். "இவ இன்னா பெரிய பேங்க் மேனேஜரா?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். நானும் விடுகிறவள் இல்லை, எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என் அண்ணன் பிறவியிலேயே யார் பேச்சையும் கேட்காதவன். அம்மா சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவான், அண்ணி சொன்னால் ஒரு காதிலும் வாங்க மாட்டான். மகள் பிறந்த வாரத்தில் புதுப் போன் ஒன்று வாங்கி வந்தான். விரலை வைத்துத் திறக்கிற மாதிரி வைத்துக் கொடு என்றான். ஆகவில்லை. நைலான் கயிறும் உப்புத் தண்ணீரும் தேய்த்து எங்கள் ஆண்களுக்குக் கைரேகையே இருக்காது, ரேஷன் கடை மிஷினே இவர்கள் விரலை ஒத்துக்கொள்வதில்லை. சரி, நம்பர் போடு என்றேன். அவன் படகு நம்பரைப் போட்டான்.

அவனோடு ஒரே படகில் போகும் கூட்டாளிகள் இரண்டு பேரும் அப்போது வாசலில் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே பிடித்துக்கொண்டேன். "ஊருக்கே தெரியற மாதிரி பெயிண்ட் அடிச்சு வெச்சுட்டு அதையே போன்லயும் போட்டா அது பூட்டாண்ணா? பேசாம கதவுல சாவிய தொங்க வுட்டுட்டுப் போயேன்." அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் வந்து, "மாத்திட்டம்மா. உனக்குக்கூட சொல்ல மாட்டேன், போதுமா?" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. குப்பத்தில் என் பேச்சைக் கேட்ட ஒரே ஆள் என் அண்ணன் என்று பத்து நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமையில் இன்னொன்றும் செய்து வைத்தேன். பதினைந்து தடவை தப்பாகப் போட்டால் போன் தன்னையே அழித்துக்கொள்ளும்படி அமைத்தேன். டேட்டா சீக்கிரம் தீர்கிறது என்று அவன் புலம்பியதால், படங்கள் இமெயில் கணக்கில் தானாக ஏறுவதையும் நிறுத்தி வைத்தேன்.

மத்தியானம் கரைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் மகளை மார்மேல் போட்டுக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுப்பான். அன்றைக்குப் பழவேற்காடு ஏரியில் என்ன கிடைத்தது, யாரோடு சண்டை, எந்தப் பக்கம் காற்று எல்லாவற்றையும் அந்தப் பிஞ்சிடம் சொல்வான். எங்கள் தலை தெரிந்தால் நிறுத்திவிடுவான். அவ்வளவு கூச்சம். அண்ணி அடுப்படியிலிருந்து கேட்டுச் சிரித்துக்கொள்வாள்.

மகளுக்கு ஐந்து மாதமானபோது அண்ணன் போய்ச் சேர்ந்தான். ஐப்பசி மாதம், முகத்துவாரத்தில் ஏரியிலிருந்து கடலுக்குத் தாண்டும்போது அலை படகைக் கவிழ்த்தது. கூட்டாளிகள் நீந்திக் கரையேறினார்கள். அண்ணன் தலையில் படகு இடித்துவிட்டது. போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் போனோடு என்னிடம் வந்தாள். என்னை அவள் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். "பாப்பா, இத தொறந்து குடு. இவளுக்கு அவ நைனா கொரலு தெரியணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

மாற்றிவிட்டான் என்று தெரிந்தே முதலில் படகு நம்பரைப் போட்டேன். திறக்கவில்லை. இன்னும் இரண்டு போட்டேன், திறக்கவில்லை. அதோடு நிறுத்திவிட்டு, பதினைந்து கணக்கை வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். அதை அமைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. சீட்டு எடுத்து, இந்த நாள் இந்த இடம் இவனுக்கு என்று முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். அடுத்தவன் பாட்டில் வலையை இறக்கினால் ஊர் கூடித் தண்டம் போடும். எங்கள் தாய்மாமா அந்த வழக்கப்படியே மீதி பன்னிரண்டையும் பாடு வைத்தார். அண்ணிக்கு நாலு, எனக்கு மூன்று, அம்மாவுக்கு இரண்டு, கூட்டாளிகளுக்கு ஆளுக்கு ஒன்று. மிஞ்சின ஒன்று குழந்தைக்கு.

அம்மாவுக்குப் பிள்ளை பிறந்த தேதி தெரியாது, தை மாசம் வெள்ளிக்கிழமை என்பதுதான் தெரியும். அதை வைத்து இரண்டு எண் தேடிக் கொடுத்தோம். கூட்டாளி ஒருவன் இன்ஜின் நம்பர் சொன்னான், இன்னொருவன் அண்ணன் முதலில் வைத்திருந்த பைக்கின் நம்பர். அண்ணி கல்யாண நாளில் ஆரம்பித்து, குழந்தை பிறந்தபோது இருந்த எடை வரைக்கும் போட்டுப் பார்த்தாள். நான் என் மூன்றையும் கெட்டிக்காரத்தனமாக யோசித்துப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

பொன்னேரியில் ஒரு போன் கடைக்காரர், "தொறக்கலாம், ஆனா உள்ள ஒண்ணும் இருக்காது" என்றார். அண்ணனுக்கு இமெயில் தொடங்கிக் கொடுத்தது நான்தான், அதைத் திறந்து பார்த்தேன், காலி. குப்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் அவன் பேசி அனுப்பியது ஏதாவது இருக்குமா என்று வீடு வீடாகப் போனேன். போனில் இடம் அடைக்கிறது, பழையதையெல்லாம் அழித்துவிடு என்று அவர்களுக்குச் சொல்லியிருந்ததும் நான்தான். பாழாய்ப்போன ஜனங்கள் அதை மட்டும் கேட்டிருந்தார்கள். ஒரே ஒருவரிடம் நாலு வினாடி கிடைத்தது. "டேய், ஐஸ் பெட்டிய எட்தாடா." அண்ணி ஒரு தடவை கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இது ஊராருக்குப் பேசின கொரலு பாப்பா" என்றாள்.

மிச்சமிருந்த ஒன்றைத் தொட அவள் விடவில்லை. "அது அவ பங்கு. படிக்கட்டும், பெரிசாவட்டும். அவளே கண்டுபுடிப்பா." வாரத்துக்கு ஒரு தடவை போனுக்கு சார்ஜ் போட்டு, முந்தானையால் துடைத்து, பீரோவில் புடவைக்கு அடியில் வைப்பாள். திறக்காவிட்டாலும் அவன் உள்ளே இருக்கிறான் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. பூட்டு எண்ணை வீட்டில் ஒருத்தருக்காவது சொல்லி வை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் நாள் பூராவும் ஓடிக்கொண்டிருக்கும்.

போன வருடம் குழந்தையைப் பால்வாடியில் சேர்க்க அவள் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டினேன். பிறந்த நேரம் 16:17 என்று இருந்தது, அதாவது சாயங்காலம் நாலு பதினேழு. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் வந்தவர் போனவரிடமெல்லாம் "கரெக்டா நாலு பதினேழு" என்று சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. ஒன்று, ஆறு, ஒன்று, ஏழு. இதுதான், இதைத் தவிர வேறு இருக்கவே முடியாது என்று முடிவு கட்டினேன். அண்ணி பழவேற்காடு மார்க்கெட்டில் இறால் விற்கப் போயிருந்தாள். அவள் வரும்வரை காத்திருந்திருக்கலாம். குழந்தையின் பங்கில் நான் கை வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? திறந்து அவள் கையில் கொடுத்துவிட்டால் என் பாவம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். எனக்கு மன்னிப்பு வேண்டியிருந்தது, அதற்கு அவசரம். பீரோவைத் திறந்து போனை எடுத்து அந்த நாலு இலக்கத்தையும் போட்டேன்.

திரை கறுத்தது. கொஞ்ச நேரம் கழித்து வெளிச்சம் வந்து, "வணக்கம்" என்றது. கடையிலிருந்து வந்த புதுப் போனைப் போல, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

 என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். அவன் இமெயிலைப் போட்டுப் போனைத் தயார் பண்ணினேன். முகப்பில் முன்பு இருந்தது போனோடு வந்த மலைப் படம்தான், அதையே வைத்தேன். நாலு இலக்கத்தில் ஒரு பூட்டுப் போட்டேன். சார்ஜ் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுக்குக் கொண்டுவந்து புடவைக்கு அடியில் வைத்துப் பீரோவைச் சாத்தினேன். அண்ணி வந்ததும் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆனால் குழந்தை இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்திருக்கிறாள்.

இந்த ஐப்பசியில் திவசத்துக்கு அண்ணன் படத்தின் முன்னால் இலை போட்டு, அவனுக்குப் பிடித்த மடவை மீன் குழம்பு வைத்து, பக்கத்தில் அந்தப் போனையும் வைத்தாள். "நைனா உள்ள இன்னா பண்றாரு?" என்று குழந்தை கேட்டாள். "உன்கிட்ட பேசிக்கினு கீறாரு" என்றாள் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "நீ இருக்கசொல்ல எனக்கு இன்னா பயம் பாப்பா? இவளுக்குக் கூடமாட இருந்து எப்பனா ஒரு நாள் தொறந்து குடுத்துடுவ."

"ஆமா அண்ணி" என்றேன்.