அஞ்சலையிடம் கேட்ட சீட்டு

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலை. பெயர் எதற்கு? ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் குண்டு வெடித்து முன்னாள் பிரதமர் இறந்தாரே... அந்த நினைவு நாளுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் என் பேச்சு, அப்புறம் இரண்டு நிமிட மௌனம், கடைசியில் டீ.

கேட்டில் எனக்கு முன்னால் கேன்டீன் யூனிஃபார்மில் ஒரு பெண்மணி. செக்யூரிட்டி அவர் தோளருகே மெட்டல் டிடெக்டர் கருவியை நீட்டியதும் - பீப்!

என் கை தானாகப் பர்ஸைத் தொட்டுப் பார்த்தது. ஏதாவது பேரிங்கைச் சுட்டிருப்பாரோ? வேலைக்கு உள்ளே வருகிறவர் எதைச் சுடுவார் என்று அப்போது தோன்றவில்லை.

கருவி ஏன் கத்துகிறது என்பதற்கு அத்தாட்சியாகச் செக்யூரிட்டி பழைய ஆஸ்பத்திரி சீட்டைக் கேட்டார். திங்கட்கிழமைக்குள் அதைக் காட்டாவிட்டால் வேலை கிடையாது என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டாராம். அன்றைக்கு டீ கொடுக்க ஆள் வேண்டும், அதனால் விட்டார்கள். பெயர் அஞ்சலை, ஊர் பென்னலூர்.

"தோள்ல இரும்புத் துண்டு கீது சார். அந்தக் கூட்டத்துல பூந்தது, அப்ப எனக்கு எட்டு வயசு. எடுத்தா கை வராதுன்னு வுட்டுட்டாங்க. வூட்ல வெள்ளம் வந்தப்ப சீட்டு பூட்சி."

நம்பினேனா? இல்லை. 'அன்னைக்கு நானும் அங்கே இருந்தேன்' என்று என்னிடம் சொன்னவர்களை எல்லாம் நிற்கவைத்தால் வரிசை வல்லக்கோட்டையைத் தாண்டும். மேடை எந்தப் பக்கம் இருந்தது என்று போலீஸ் மாதிரி கேட்டேன்.

"இன்னா தெரியும்? முன்னாடி நின்னவங்க முதுகுதான் தெரிஞ்சுது."

மழுப்புகிறார் என்று முடிவு கட்டினேன். மேடையேறித் தலைவரைப் பற்றிக் கால் மணி நேரம் முழங்கினேன். அந்தக் கூட்டத்துக்கு வந்து அடிபட்டவர்களைப் பற்றி...? ஒரு வரி இல்லை.

மௌனம் தொடங்கியது. மேனேஜர்கள் முன்வரிசையில் தலைகுனிந்து நின்றார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் டீ ட்ரேயோடு அஞ்சலை. அங்கிருந்து அவருக்கு என்ன தெரியும்? முதுகுகள்தான். எட்டு வயதுக் குழந்தைக்குக் கூட்டத்தில் வேறென்ன தெரிந்திருக்கும்?

வெட்கமாக இருந்தது. ஹெச்.ஆர். அதிகாரியிடம் ஓடிப்போய் அஞ்சலை சொன்னது உண்மைதான் என்று சொன்னேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்க்கலாம் சார், ஆனால் பாலிசி என்று ஒன்று இருக்கிறதே என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. திங்கட்கிழமை கேட்டுக்கே போய் நிற்பதாக இருக்கிறேன்.

கிளம்பும்போது கையில் ஒரு நினைவுப் பரிசு கொடுத்தார்கள். கனமான பித்தளைக் கேடயம். கேட்டில் கருவி அலறியது - பீப்!

செக்யூரிட்டி சல்யூட் அடித்தார். என்னிடம் யாரும் சீட்டு கேட்கவில்லை.