வைரம் பாய்ந்த கட்டை

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், கம்பெனி கொடுத்த எங்கள் லைன் வீடுகளில், ஒரு ஆளை மெச்ச வேண்டுமென்றால் ‘வைரம் பாஞ்ச கட்டை’ என்பார்கள். என் அப்பாவை அப்படித்தான் சொன்னார்கள். பூமிக்கடியில் பாறையைத் துளைக்கும் மிஷினைத் தோளால் முட்டுக்கொடுத்துப் பிடிக்கிற ஆளை வேறெப்படிச் சொல்வது? அவரைக் கட்டிக்கொண்டால் என் இரண்டு கையும் பின்னால் ஒன்றையொன்று எட்டாது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அவருக்கு இருமல் வந்தது. விருந்தாளி மாதிரி வரவில்லை, குடித்தனமே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுக்கப் போகிறார்கள், உள்ளே தூசி தெரிந்தால் ‘அன்பிட்’ போட்டுவிடுவார்கள், வேலையோடு வீடும் போய்விடும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அன்பிட் என்றால் ஏதோ சட்டை அளவு சமாச்சாரம் என்று நான் இருந்துவிட்டேன்.

அந்த நாட்களில்தான் மரத்தை வெட்டினோம். வாசலுக்கு எதிரே நின்ற மலைவேம்பு. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா அதை ஹெப்பேவு என்பார். அம்மா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த வருஷம் நட்டது. மரத்துக்கு மேற்கே, தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டுகிற சயனைடு மண் மலையாகக் குவிந்திருந்தது. காற்றடித்தால் அந்த மண் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்து விசாரிக்கும். அந்தப் பக்கத்துக் கிளைகளெல்லாம் பட்டுப்போய், ஒன்று காற்றில் முறிந்து வந்து கூரைத் தகரத்தில் விழுந்தது. இனி வைத்திருக்க வேண்டாம் என்றார் சித்தப்பா. அவர் சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை சரியாமல் மரக்கட்டைகளை முட்டுக்கொடுப்பது அவர் வேலை.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேர் இழுக்கிற ரம்பத்தோடு வந்தார். ஒரு பிடியை அப்பா பிடித்தார். ரம்பம் கொஞ்ச நேரம் போயிற்று, வந்தது. பிறகு அப்பா கையை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பல் மழுங்கியிருக்கிறது என்றார். சித்தப்பா ரம்பத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்க்கவில்லை. ஆமாம், மழுங்கித்தான் இருக்கிறது என்றார். முந்தின நாள் அவர் அதற்கு உட்கார்ந்து அரம் போட்டதை நானே பார்த்திருந்தேன். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து அந்தப் பிடியைப் பிடித்தாள். மழுங்கின ரம்பம் மளமளவென்று இறங்கியது.

மரம் சாய்ந்ததும் அடிக்கட்டையில் வளையம் வளையமாகத் தெரிந்தது. நடுவில் இருந்தவை விரல் அகலம். லைன் குழாய் மரத்தடியில் ஒழுகிக்கொண்டிருந்த காலம், குடித்துக் கொழுத்த வருஷங்கள் என்றார் சித்தப்பா. வெளியே வரவர ஒடுங்கி, மேற்குப் பக்கத்தில் மயிரிழையாக நெருங்கிக் கிடந்தன. வீட்டுப் பக்கம் மட்டும் கொஞ்சம் அகலம். அம்மா அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிவந்த பக்கம் அது.

அம்மா குனிந்து, ஒடுங்கத் தொடங்கிய இடத்தில் விரலை வைத்தாள்.

“இது இவரு மிஷின் புடிக்கப் போன வருசமா தம்பி?”

“அதெல்லாம் மரத்துக்கு இன்னா தெரியும் அண்ணி? மண்ணுமேடு ஒசந்துச்சு, மரம் எளைச்சுச்சு. அவ்ளோதான்.”

நான் நடுவில் புகுந்து, மரத்துக்கு என்ன சீக்கு என்று கேட்டேன். சுவரோரத்தில் அப்பா இருமினார். சித்தப்பா அவசரமாகச் சிரித்தார்.

“சீக்கு இல்ல கண்ணு. தளதளன்னு பெருத்த கட்ட கீழ சொரங்கத்துக்குப் போனா நசுங்கிடும். வளையம் ஒடுங்கி நெருங்குனாத்தான் வைரம் பாயும். உங்கப்பாவாட்டம்.”

அப்பாவும் சிரித்தார். சிரிப்பாகத் தொடங்கியது இருமலாக முடிந்தது.

நெஞ்சுப் படம் எடுத்து வந்த பிறகு அப்பா ஷிப்டுக்குப் போகவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பகலெல்லாம் அந்த அடிக்கட்டைமேலேயே உட்கார்ந்திருந்தார். சுரங்கத்துச் சங்கு ஊதும்போது மட்டும், கிளம்பப் போகிறவர் போல் ஒரு அசைவு அசைவார். பிறகு அப்படியே இருந்துவிடுவார்.

அம்மா பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், நான் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன். கைகள் இரண்டும் அவர் முதுகுக்குப் பின்னால் சந்தித்தன. சந்தித்தது மட்டுமா, ஒரு கை மற்றொன்றின் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். உள்ளே ஓடினேன்.

“அம்மா, அப்பா நல்லா ஒடுங்கிட்டாரும்மா. வைரம் பாஞ்சுட்டாரு.”

அம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கை என் தலைமேல் இறங்கி, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு திரும்பி அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள். அந்த மரத்து விறகுதான். வைரம் பாய்ந்த கட்டை எப்படி இத்தனை சீக்கிரம் சாம்பலாகிறது என்று, அடுப்பைப் பார்த்தபடி நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.